‘நடக்கிறீங்களே, அப்புறம் என்ன?’

கால் எடுக்கும் அறுவை மருத்துவர்களுக்கும், செயற்கைக் கால் செய்து பொருத்துபவர்களுக்கும், நடைப்பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு விபத்தில் என் வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. இப்போது போட்டிருப்பது நாலாவது சாக்கெட், அதாவது மிச்சக் காலை உள்ளே நுழைக்கும் செயற்கைக் காலின் கிண்ணம். நான் எழுந்து நடமாடுவதே உங்கள் மூன்று தரப்பாரின் புண்ணியத்தில்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதில் கொஞ்சம் கோபம் இருக்கிறது.

முதல் கால் கைக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே பத்தடி போனேன், திரும்பி வந்தேன். யாரோ கைபேசியில் படம் பிடித்தார்கள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். “நடக்கிறீங்களே, அப்புறம் என்ன?” என்றார் பொருத்தியவர். கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு பையையும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

அந்த ‘அப்புறம் என்ன’வுக்குப் பதில்தான் இந்த மடல்.

நாலாம் நாள் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் கச்சிதமாக இருந்த கால், மத்தியானத்துக்கு மேல் லொடலொடவென்று ஆகிவிட்டது. அடி வைக்கும்போதெல்லாம் ஸ்டம்ப், அதாவது வெட்டியது போக மிஞ்சிய கால், சாக்கெட்டுக்குள் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. பையில் மூன்று நான்கு தடிமனில் ஸ்டம்ப் சாக்ஸ் இருந்தன. அழுக்கானால் மாற்றிக்கொள்ள என்று நினைத்திருந்தேன். சிரிக்காதீர்கள், யாரும் சொல்லவில்லை. ஒரே சாக்ஸோடு நாள் முழுக்க நடந்தேன். இரவு கழற்றிப் பார்த்தால், முன்னங்கால் எலும்பு முடிகிற இடத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கொப்புளம். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று மறுநாளும் போட்டேன். கொப்புளம் உடைந்தது. அதன் பிறகு மூன்று வாரம் கால் அலமாரியில் இருந்தது, நான் ஊன்றுகோலில் இருந்தேன்.

ஸ்டம்ப் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது என்பது உங்களுக்குப் பாலபாடம். சாக்கெட்டின் அழுத்தத்தில் நீர் வெளியேறி மெல்ல மெல்லச் சுருங்கும். காலைக் கழற்றிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் திரும்ப ஊதிக்கொள்ளும். அறுவைக்குப் பிறகு முதல் ஒன்று, ஒன்றரை வருடத்துக்கு இதோடு சேர்ந்து சதையும் வற்றிக்கொண்டே வரும். சாக்கெட்டோ கெட்டிப் பொருள், அது சுருங்காது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் சாக்ஸ். 1 பிளை, 3 பிளை, 5 பிளை என்று (பிளை என்பது தடிமன் கணக்கு) வருவதும், காலையில் ஒன்றும் மத்தியானம் ஒன்றும் சேர்த்துப் போட்டுக்கொள்ள வசதியாகத்தான். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் உங்களில் யாரும் இல்லை. காத்திருக்கும் அறையில் பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர். இரண்டு காலும் இல்லாதவர். “வலி எங்கன்னு பாரு தம்பி, அதுவே சொல்லிடும்” என்றார்.

உண்மைதான். சாக்ஸ் போதாவிட்டால் ஸ்டம்ப் ஆழமாக இறங்கும். முட்டிச்சில்லின் கீழ் விளிம்பும், ஸ்டம்பின் அடிநுனியும் இடிபட்டு வலிக்கும். சாக்ஸ் அதிகமானால் கால் முழுதாக உள்ளே போகாது. மேலே இறுக்கிப் பிடிக்கும், அடிநுனி எதிலும் படாமல் தொங்கும், இரத்தம் தேங்கி ஊதா நிறத்துக்குப் போகும். அதை அப்படியே விட்டால் தோல் தடித்து மருமருவாகக் கிளம்பும். ஸ்டம்பின் அடியில் ஒரு ஆணி (pin) இறங்கிப் பூட்டிக்கொள்கிற கால் என்றால், அது பூட்டும் சத்தத்தை எண்ணினாலே போதும். எனக்குக் காலையில் நாலு ‘கிளிக்’ கேட்கும். ஆறு, ஏழு கேட்டால் ஒரு சாக்ஸ் கூட்ட வேண்டும் என்று பொருள். கூட்டிக் கூட்டி மொத்தம் பத்துப் பன்னிரண்டு பிளைக்கு மேல் போய்விட்டால் இனி சாக்ஸ் உதவாது, சாக்கெட்டையே மாற்றியாக வேண்டும்.

இவ்வளவையும் சொல்லப் பத்து நிமிடம் ஆகியிருக்குமா? அந்தப் பத்து நிமிடம் கிடைக்காததால் எனக்கு மூன்று வாரம் போனது. என்னோடு அதே மாதத்தில் கால் வாங்கிய ஒருவர் இரண்டாவது கொப்புளத்தோடு காலை மூலையில் வைத்துவிட்டார், அதன் பிறகு எடுக்கவே இல்லை. உங்கள் பதிவேட்டில் அவர் ‘கால் பொருத்தப்பட்டவர்’.

அடுத்து பாதத்தைப் பற்றி. என்னைப் பார்ப்பவர்கள் எல்லோரும் பாதத்தைத்தான் கேட்கிறார்கள். “கார்பனா? ஓட்டப் பந்தயத்தில் போடுவார்களே, அதுவா?” அவர்கள் கேட்பதில் தப்பில்லை. வான் பிலிப்ஸ் 1976இல் தன் காலை இழந்து, கொடுத்த மரக்கட்டை மாதிரியான பாதம் பிடிக்காமல், 1984இல் கார்பன் இழையில் வில்லாக வளையும் பாதத்தைக் கொண்டுவந்தது பெரிய சாதனைதான். ஆனால் நீங்களும் அதே வரிசையில் நின்று பாதத்தின் விளம்பரத் தாளை என் முன் நீட்டும்போதுதான் ஆயாசமாக இருக்கிறது. என் தோல் தொடுவது பாதத்தை இல்லையே. எவ்வளவு உயர்ந்த பாதமாக இருந்தாலும் சாக்கெட் சரியில்லை என்றால் அது அலமாரியில் நிற்கிற உயர்ந்த பாதம், அவ்வளவுதான்.

சாக்கெட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு, அதை யாரும் படம் பிடிப்பதில்லை. 1950களின் கடைசியில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒரு குழு உட்கார்ந்து, ஸ்டம்பில் எந்த இடம் எடையைத் தாங்கும், எந்த இடம் தாங்காது என்று பிரித்துப் பார்த்தது. முட்டிச்சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாண் தாங்கும். வெளிப்பக்கச் சிறு எலும்பின் தலை தாங்காது, அதை ஒட்டி நரம்பு ஓடுகிறது. தாங்கும் இடத்தில் அழுத்தம், தாங்காத இடத்தில் குழிவு என்று வடித்தார்கள். பிறகு 1980களில் ஐஸ்லாந்தின் ஓசுர் கிறிஸ்டின்சன் சிலிகோன் லைனரை, அதாவது ஸ்டம்பின் மேல் சுருட்டி ஏற்றும் மெத்தென்ற உறையை, கொண்டுவந்தார். எடை ஒரே இடத்தில் இறங்காமல் ஸ்டம்ப் முழுக்கப் பரவ வழி கிடைத்தது. இந்த இரண்டும் இல்லாமல் நான் இந்த மடலை எழுதும் மேசை வரை வந்திருக்க மாட்டேன்.

லைனரைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். ஒரே ஒரு லைனர் கொடுத்து அனுப்புகிறீர்கள். தினமும் இரவில் மென்மையான சோப்பால் கழுவிக் காயவைக்கச் சொல்கிறீர்கள். காயாவிட்டால் காலையில் என்ன செய்வது? ஈரத்தோடு போட்டால் தோல் ஊறிக் கொப்பளிக்கும், போடாவிட்டால் வேலைக்குப் போக முடியாது. வியர்வை வேறு. லைனருக்குள் தேங்குகிற வியர்வைக்குப் போக வழியே கிடையாது. மத்தியானம் எங்கேயாவது ஒதுங்கிக் கழற்றி, துடைத்து, மறுபடி காற்றுக் குமிழ் இல்லாமல் சுருட்டி ஏற்ற வேண்டும். இதைக் கழிப்பறையில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு செய்து பார்த்தவர் உங்களில் யாராவது உண்டா? இரண்டு லைனராகக் கொடுங்கள்.

அறுவை மருத்துவர்களே, உங்களிடம் கொஞ்சம்.

காலை எடுப்பதோடு வேலை முடிந்தது என்று நீங்கள் நினைக்கவில்லை, தெரியும். முழங்காலுக்குக் கீழே 12 முதல் 15 செ.மீ. வரை எலும்பை விட்டுவைப்பதும், முன்பக்க முனையைச் சாய்வாக இழைப்பதும், சிறு எலும்பைச் சற்றுக் குட்டையாக நறுக்குவதும், கெண்டைச்சதையைப் பின்னாலிருந்து மடித்துக் கொண்டுவந்து மெத்தை மாதிரி முன்னால் தைப்பதும், நரம்பை இழுத்து மேலே வெட்டிச் சதைக்குள் புதைப்பதும் பின்னால் ஒருவர் இதன்மேல் நடக்கப்போகிறார் என்று தெரிந்தவரின் வேலைகள். எனக்குச் செய்தவர் நன்றாகவே செய்தார். எலும்பு முனை கூராக விடப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். எந்தச் சாக்கெட் போட்டாலும் அதே இடம்தான் கிழிகிறது. நன்றாகச் செய்த வேலை கண்ணில் படாது, மோசமாகச் செய்தது வாழ்நாள் முழுக்கப் படும்.

என் குறை ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நடந்ததைப் பற்றியது. அறுவை முடிந்து படுத்திருந்தபோது, பார்க்கப் பாவமாக இருந்ததாலோ என்னவோ, ஒருவர் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துவிட்டுப் போனார். சுகமாக இருந்தது. இரண்டு வாரம் அப்படியே வைத்துக்கொண்டேன். பிறகு முழங்காலை நீட்டச் சொன்னார்கள், அது நீள மறுத்தது. முட்டி மடங்கியே இறுகிப்போனால் செயற்கைக் காலில் நிமிர்ந்து நிற்க முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. குப்புறப் படு, தொடைத் தசையை இறுக்கு, முட்டியை அழுத்து என்று அதை நேராக்கவே மாதக்கணக்கில் ஆயிற்று. கட்டில் தலைமாட்டில் ‘முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது’ என்று ஒரு அட்டை தொங்கியிருந்தால் போதும்.

இன்னொன்று, இல்லாத கால் வலிக்கும் என்பதை வெட்டுவதற்கு முன்பே சொல்லுங்கள். அவசர அறுவை என்றால் மயக்கம் தெளிந்த மறுநாளாவது சொல்லுங்கள். எனக்கு இல்லாத கட்டைவிரலை யாரோ பின்னுக்கு முறுக்குவது போல இருந்தது. பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பதினாறாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்ப்ரோஸ் பாரே எழுதிவைத்த விஷயம் இது. 1871இல் அமெரிக்க மருத்துவர் வியர் மிட்செல் அதற்கு ‘மாயக் கால்’ என்று பெயரே வைத்துவிட்டார். 1990களில் நம் நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் ஒரு கண்ணாடியை வைத்து, இருக்கும் அங்கத்தின் பிம்பத்தைக் காட்டி மூளையைச் சமாதானப்படுத்தலாம் என்று காட்டினார். எனக்குக் கண்ணாடி ஓரளவு கேட்டது, பலருக்குக் கேட்பதில்லை. கேட்கிறதோ இல்லையோ, இது சாதாரணமாக வருவதுதான் என்ற ஒரு வாக்கியமே பாதி மருந்து.

வலி இல்லாத மாயக் காலும் ஆபத்துதான். மூன்றாவது வாரம், நடு இரவு, சிறுநீர் கழிக்க எழுந்தேன். பாதம் தரையில் பட்டது போலவே இருந்தது. ஒரு எட்டு வைத்தேன். ஸ்டம்ப் நேராகத் தரையில் இறங்கியது, தையல் பிரிந்தது. இப்படி விழுந்தவர்கள் எங்களில் ஏராளம், இருந்தும் யாரும் முன்கூட்டி எச்சரிப்பதில்லை. இன்றும் ஊன்றுகோலைக் கட்டிலுக்குக் குறுக்காகச் சாய்த்துவைத்துத்தான் படுக்கிறேன். எழுந்தால் முதலில் அது தட்டுப்பட வேண்டும்.

பிசியோதெரபிஸ்டுகளே, நீங்கள்தான் எங்களோடு அதிக நேரம் இருப்பவர்கள், அதனால் குறைவாகவே திட்டுகிறேன். மழமழவென்ற சமதளக் கூடத்தில் நடக்கச் சொல்லிக்கொடுத்தீர்கள். வெளியே அப்படிப்பட்ட தரை எங்கே இருக்கிறது? ஏறுவதைவிடச் சரிவில் இறங்குவது கடினம் என்பதை நான் விழுந்துதான் கற்றேன். கணுக்கால் மடங்காதபோது பாதம் முழுதாகத் தரையில் பதிய முழங்கால் முன்னால் தள்ளப்படுகிறது. எதிர்பார்க்கவில்லை என்றால் அது மடிந்துவிடும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில் என்று படிக்கட்டுக்குச் சொன்னீர்கள், நன்றி. சரிவுக்கும் மணலுக்கும் ஈரத் தரைக்கும் அதே மாதிரி ஒரு வாய்ப்பாடு வேண்டும். கூட்டத்தில் ஒருவர் இடித்தால் எப்படி நிற்பது, விழுந்தால் எப்படி விழுவது, விழுந்த பிறகு தரையிலிருந்து எப்படி எழுவது என்பதும் பயிற்சியில் சேர்த்திதான்.

காலணியையும் யாராவது சொல்லியிருக்கலாம். காலை ஒரு குறிப்பிட்ட குதிகால் உயரத்துக்குத்தான் கோணம் பார்த்து நேராக்கிப் பொருத்துகிறீர்கள். அது தெரியாமல் ஒரு கல்யாணத்துக்குக் குதி உயர்ந்த புது ஷூ போட்டுக்கொண்டு போனேன். நாள் முழுக்க யாரோ பின்னாலிருந்து முழங்காலைத் தள்ளுவது போலவே இருந்தது. கால் கெட்டுவிட்டது என்று மறுநாள் தூக்கிக்கொண்டு வந்தேன். பழைய ஷூவை மாட்டச் சொன்னார்கள், சரியாகிவிட்டது. எல்லோரும் சிரித்தோம். சிரிப்புக்குப் பின்னால் ஒரு நாள் வேலை போயிருந்தது.

களைப்பைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர் சமதளத்தில் அதே தூரம் நடக்க ஏறத்தாழ 25 சதவீதம் கூடுதல் சக்தி செலவாகிறது என்று அளந்திருக்கிறார்கள். இரத்த ஓட்டக் கோளாறால் கால் எடுத்தவர்களுக்கு இன்னும் கூடுதல். கால் போனதற்குக் கால் பங்கு வட்டி என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். கணக்குப் பார்த்தால் செயற்கைக் கால் எடை குறைவுதான். முழங்காலுக்குக் கீழே இருக்கும் கால் உடல் எடையில் சுமார் 6 சதவீதம். 60 கிலோ ஆளுக்கு மூன்றரைக் கிலோ. செயற்கைக் கால் பெரும்பாலும் அதில் பாதிதான் வரும். ஆனாலும் கனக்கிறது, ஏனென்றால் சொந்தக் கால் உடம்போடு ஒட்டிய எடை, இது தொங்குகிற எடை. நான் சாயங்காலம் சோர்ந்து உட்கார்ந்தபோதெல்லாம், மனத்தைத் தளரவிடாதீர்கள் என்று அறிவுரை கிடைத்தது. மனம் தளரவில்லை ஐயா, உடம்பு தளர்ந்தது. இந்த எண்ணிக்கையை என்னிடமும் என் வீட்டாரிடமும் முதலிலேயே சொல்லியிருந்தால், இரண்டு வருடம் நான் சோம்பேறி என்று என்னையே நினைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

மிச்சமிருக்கும் காலையும் பாருங்கள். எங்களை அறியாமலே எடையை அதன்மேல் சாய்க்கிறோம். முதலில் அந்த முழங்கால் தேய்கிறது, அப்புறம் இடுப்பு. சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்தவருக்கு அடுத்த காலும் ஆபத்தில்தான் இருக்கிறது. அவர் ஸ்டம்பைக் காட்ட வரும்போது அந்தப் பாதத்தையும் திருப்பிப் பார்க்க உங்களுக்கு அரை நிமிடம் போதும். உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் குத்தினாலும் அவருக்குத் தெரியாது.

சரி, நான் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கால் கொடுக்கும் நாளிலேயே அடுத்து வரவேண்டிய தேதிகளையும் எழுதிக் கொடுங்கள். இரண்டு வாரம், ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம். ‘ஏதாவது தொந்தரவுன்னா வாங்க’ என்று சொல்லாதீர்கள். எது தொந்தரவு, எது பழக்கமில்லாத வலி என்று புதிதாகக் கால் போட்டவருக்குப் பிரித்தறியத் தெரியாது. தெரிந்தாலும், இலவசமாகவோ சலுகையிலோ வாங்கியவர் குறை சொல்லக் கூச்சப்பட்டு வராமலே இருந்துவிடுவார். தேதி இருந்தால் குறை சொல்ல வருகிறோம் என்று ஆகாது, வரச் சொன்னதால் வருகிறோம் என்று ஆகும். உலக சுகாதார நிறுவனம் 2017இல் செயற்கை உறுப்புச் சேவைகளுக்கு வெளியிட்ட தரநெறிகளிலும், காலைக் கொடுத்த பின் தொடர்ந்து கவனிப்பது சேவையின் ஒரு பகுதியாகவே வருகிறது. ஆகவே தயவு கேட்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வரும்போது ‘நடக்கிறீங்களா?’ என்று கேட்காதீர்கள். எல்லோரும் ‘ஆமாம்’ என்றுதான் சொல்வோம். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போடுகிறீர்கள் என்று கேளுங்கள். காலையில் எத்தனை பிளை, சாயங்காலம் எத்தனை பிளை? கழற்றினால் எங்கே சிவக்கிறது, பத்து இருபது நிமிடத்தில் அந்தச் சிவப்பு மறைகிறதா? கடைசியாக எப்போது விழுந்தீர்கள்? போன வருடத்தைவிட எடை கூடியிருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு யாராலும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லித் தப்பிக்க முடியாது.

ஒரே நாளில் இத்தனை கால்கள் வழங்கினோம் என்று மேடையில் சொல்கிறீர்களே, அதே ஆட்களை ஒரு வருடம் கழித்துக் கூப்பிட்டு எத்தனை பேர் அந்தக் காலைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்றும் எண்ணிச் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்துக்குக் கைதட்ட நானும் வருகிறேன். அலமாரியில் நிற்கிற கால்களையும் கையில் எடுத்துவரச் சொல்லுங்கள். எங்கே உரசியது என்று ஒவ்வொன்றின் உட்புறமும் காட்டும். அடுத்த சாக்கெட்டுக்கு மாவுக்கட்டு அச்சு எடுக்கும்போது அதைவிட நல்ல பாடம் உங்களுக்குக் கிடைக்காது.

நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன், அந்தப் பெரியவர் வைத்திருந்ததைப் பார்த்துப் பழகியது. நேற்றைய பக்கத்தில் இப்படி இருக்கிறது: ‘காலை 6 பிளை. மத்தியானம் 9. சாயங்காலம் 11. சில்லுக்குக் கீழே சிவப்பு, அரை மணி ஆகியும் போகவில்லை.’ அடுத்த வாரம் வருகிறேன். நோட்டையும் கொண்டுவருகிறேன். பாதத்தின் விளம்பரத் தாளை எடுப்பதற்கு முன் இதை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
நாலாவது சாக்கெட் பெரிதாகிக்கொண்டிருக்கும் ஒருவன்